வீட்டுக்கு வந்த கணினி – 17: முதல் உதை

பிளாப்பி டிஸ்க் எதற்காகப் பிறந்தது? கடிதங்களைச் சேமிக்க என்பார் ஒருவர், விளையாட்டு விற்க என்பார் இன்னொருவர். இரண்டும் பிறகு வந்த பிழைப்பு. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே கூடத்தில் டேவிட் நோபிள் என்ற பொறியாளரின் குழு உருவாக்கி, 1971-இல் வெளிவந்த முதல் பிளாப்பி 8 அங்குலம் இருந்தது. ஏறக்குறைய 80 கிலோபைட் கொள்ளும். பயனர் அதில் ஒரு எழுத்துகூட எழுத முடியாது. கணினி படிக்கலாம், அவ்வளவுதான். அது சுமந்து வந்த சரக்கு ஒன்றே ஒன்று: இயந்திரம் விழித்தெழுவதற்கான அடிப்படை நிரல்.

ஐபிஎம் 370 வரிசையைச் சேர்ந்த பெருங்கணினிகளில் சில, தங்கள் உள்நிரலைக் குறைக்கடத்தி நினைவகத்தில் வைத்திருந்தன. மின்சாரம் போனால் அந்த நினைவகம் காலியாகிவிடும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரும்ப ஊட்டியாக வேண்டும். நிரலில் பிழை இருந்தால் திருத்திய பதிப்பு வாடிக்கையாளருக்குப் போய்ச் சேரவும் வேண்டும். மலிவாகவும், தபாலில் அனுப்பும்படி லேசாகவும் ஒரு பண்டம் தேவைப்பட்டது. அதுதான் பிளாப்பி.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1985-இல், ஒரு வீட்டுக் கணினி அதே பழைய வேலைக்குப் பிளாப்பியைத் திரும்ப அழைத்தது. அந்தக் கணினியை விற்ற நிறுவனம் அதை ஒரு குறையாகவே நினைத்தது. எனக்கு அது அந்தக் காலகட்டத்தின் மிக நல்ல விபத்தாகப்படுகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த அத்தியாயம்.

சென்ற முறை சின்க்ளேர் நிறுவனத்தின் அவசரத்தைப் பார்த்தோம். 1982-இல் ஸ்பெக்ட்ரத்தின் 16 கிலோபைட் ரோம் முழுதாக முடிவதற்குள் பெட்டி கடைக்குப் போய்விட்டது. 1984 ஜனவரி 12 அன்று அறிவித்த க்யூஎல் கணினிக்கோ ரோமுக்கு ஒதுக்கிய இடமே பற்றவில்லை. மிச்சத்தை ஒரு தனிச் சில்லில் வைத்து, கணினியின் பின்பக்கத்தில் வால் போலச் செருகிக்கொடுத்தார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அன்றைய ரோம் சிப்பைத் தயாரிக்கும்போதே அதன் உள்ளடக்கம் அச்சாகிவிடும். அதன்பின் ஒரு பிட்டைக்கூட மாற்ற முடியாது. ஆலைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகு பிழை தெரிந்தால் அத்தனை சிப்பும் குப்பை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு முதல் நாளே ஓலையையும் எழுத்தாணியையும் கொடுக்க மாட்டார்கள். மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வார்கள். ‘அ’ கோணலாகப் போனால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். கை பழகிய பிறகுதான் ஓலை. எண்பதுகளின் கணினிப் பொறியாளர்களுக்கும் அப்படியொரு மணல் தேவைப்பட்டது. ஈப்ராம் சிப்புகள் இருந்தன, அவற்றை அழித்து எழுதலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கழற்றி, புறஊதா விளக்கின் கீழ் வைத்து, மறுபடி எழுதி, மறுபடி செருக வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் திருத்தம் செய்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

*

மணலைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தது கமடோர் 64. அதை விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை. கணினியை வடிவமைத்த விதத்திலேயே அந்த வசதி ஒளிந்திருந்தது.

அதன் புராசசருக்கு 64 கிலோபைட்டுக்கு மேல் முகவரி போட வராது. ஆனால் உள்ளே 64 கிலோபைட் ராம் முழுசாக இருந்தது, கூடவே ரோமும் இருந்தது. ஆகவே சில முகவரிகளில் இரண்டும் மாடிவீடு மாதிரி குடியிருந்தன: மேல்மாடியில் ரோம், கீழே ராம். 40960 முதல் 49151 வரை பேசிக் மொழியின் ரோம். 57344 முதல் 65535 வரை கணினியின் ஆதார நிரலான கெர்னல். அந்த முகவரிகளில் எதையாவது படிக்கச் சொன்னால் மேல்மாடிக்காரர் பதில் சொல்வார். எழுதச் சொன்னாலோ, ரோமில் எழுத முடியாதல்லவா, சரக்கு நேரே கீழ்வீட்டுக்குப் போய்விடும்.

இதைப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர் எழுதிய ஒற்றை வரி பேசிக் நிரல் பிறகு பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. 40960-லிருந்து 49151 வரை ஒவ்வொரு முகவரியிலும் இருப்பதைப் ‘பீக்’ கொண்டு படி. படித்ததை அதே முகவரியில் ‘போக்’ கொண்டு எழுது. முதல் பார்வைக்குப் பைத்தியக்காரத்தனம். ஒரு பாத்திரத்து நீரை மொண்டு அதே பாத்திரத்தில் ஊற்றுவது போலத் தெரியும். ஆனால் மொள்வது மாடியில், ஊற்றுவது கீழே. எமுலேட்டரில் நான் இதை ஓட்டிப் பார்த்தேன். சுமார் ஒரு நிமிடம் திரையில் ஒன்றும் நடக்காது. பிறகு கர்சர் திரும்பி வரும். அந்த நிமிடத்தில் 8192 பைட்டும் ராமுக்கு நகலாகிவிட்டிருக்கும். அடுத்து முகவரி 1-இல் 54 என்று எழுதினால் மேல்மாடி மூடிக்கொள்ளும். இனி பேசிக் ஓடுவது ராமிலிருந்து.

இனி அது உங்கள் பேசிக். 41848 என்ற முகவரியில்தான் கணினி எப்போதும் காட்டும் ‘ரெடி’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே வேறொரு எண்ணைப் போட்டுவிட்டு என்டர் தட்டினேன். தயாரிப்பாளர் அச்சடித்த சொல் மாறி, நான் வைத்த எழுத்தோடு திரையில் வந்தது. சின்ன விஷயம்தான். ஆனாலும் அந்தக் கணத்தில் எனக்கு உள்ளே ஏதோ திறந்த மாதிரி இருந்தது. கல்வெட்டு என்று நினைத்திருந்தது மணலாகிவிட்டது. தப்பாகப் போனால் பயமில்லை, அணைத்துப் போட்டால் பழைய ரோம் அப்படியே காத்திருக்கும்.

இந்தக் கடைசி வசதிதான் சோதனைப் பதிப்பு என்ற சொல்லுக்கே உயிர். துணிந்து மாற்றலாம், கெட்டால் மீளலாம். ரோமை மாற்றி வேகமான டேப் ஏற்றம், புதிய கட்டளைகள், வேறு எழுத்துருக்கள் என்று எத்தனையோ பேர் முதலில் இப்படி ராமில் ஓட்டிப் பார்த்தார்கள். சரிப்பட்டதை மட்டும் ஈப்ராமில் எழுதி மதர்போர்டில் செருகினார்கள்.

*

கமடோர் 64-இல் இது ஒரு கெட்டிக்காரத்தனம். அமிகாவில் அதுவே கணினியின் அஸ்திவாரம்.

அமிகா 1984 ஆகஸ்ட்டில் கமடோரின் கைக்கு வந்தது. அதற்கு முன் அது கலிபோர்னியாவில் பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்த சிறு நிறுவனம். ஜே மைனர் தலைமையில் அதன் சிப்புகள் அபாரமாக வந்துகொண்டிருந்தன. மென்பொருள் அந்த வேகத்தில் வரவில்லை. பல பணிகளை ஒரே நேரத்தில் நடத்தும் ‘எக்ஸெக்’ என்ற கருவைக் கார்ல் சாசன்ராத் எழுதினார். சாளரங்களையும் மெனுக்களையும் கவனிக்கும் ‘இன்ட்யூஷன்’ ஆர்.ஜே. மைக்கலின் கைவேலை. கோப்புகளைக் கையாளும் பகுதியை வெளியாரிடம் கொடுத்திருந்தார்கள், அது நடக்கவில்லை. கடைசி நேரத்தில் இங்கிலாந்தின் மெட்டாகாம்கோ நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ட்ரைபாஸ்’ என்ற அமைப்பை டிம் கிங் அமிகாவுக்கு ஏற்ப மாற்றிக்கொடுத்தார். மூன்று இடத்துத் துணியைச் சேர்த்துத் தைத்த சட்டை அது. தையல் நிற்குமா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

1985 ஜூலை 23, நியூயார்க்கின் லிங்கன் சென்டர். மேடையில் ஓவியர் ஆண்டி வார்ஹால், பாடகி டெபி ஹாரியின் படத்தை அமிகாவில் வரைந்தார். ஓவிய மென்பொருளே அன்று முழுமையடையவில்லை. வண்ணத்தைக் கொட்டி நிரப்பும் கருவியைத் தொட்டால் கணினி கவிழக்கூடும் என்ற கவலை தயாரித்தவர்களுக்கு இருந்தது. வார்ஹால் அதையேதான் அழுத்தினார். வண்ணம் ஒழுங்காக நிரம்பியது.

அந்த மேடையில் இருந்த நிலைமைதான் உள்ளேயும். இயக்க அமைப்பின் உயிர்ப்பகுதிக்கு ‘கிக்ஸ்டார்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். புல்லட்டையோ ராஜ்தூத்தையோ கிக்கரை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. 256 கிலோபைட் அளவுள்ள இந்த நிரல் ரோமில் இருப்பதாகத்தான் திட்டம். ஆனால் ஆலைக்கு அனுப்பும் நாள் நெருங்க நெருங்க, இதை அச்சாக்கலாம் என்று கையெழுத்துப் போட யாராலும் முடியவில்லை. பிழைகள் தீரவில்லை.

அப்போது எடுத்த முடிவு இது. முதல் மாதிரியான அமிகா 1000-இன் மதர்போர்டுக்கு மேலே இன்னொரு பலகையை ஏற்றினார்கள். அதில் கூடுதலாக 256 கிலோபைட் ராம். பயனருக்குத் தந்த அடிப்படை நினைவகமே 256 கிலோபைட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய செலவு என்று புரியும். இந்தக் கூடுதல் ராமைப் பயனரின் நிரல்கள் தொடவே முடியாது. அது முழுக்க முழுக்க ரோம் வேடம் போடுவதற்காக. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘ரைட்டபிள் கன்ட்ரோல் ஸ்டோர்’. பெருங்கணினிகளில் உள்நிரல் வைக்கும் எழுதத்தக்க நினைவகத்துக்கு வழங்கிவந்த பெயரையே ஒரு வீட்டுக் கணினிக்கும் வைத்தார்கள்.

நிஜமான ரோம் ஒன்றும் இருந்தது, சின்னஞ்சிறியது. அதற்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். கணினியைப் போட்டதும் திரையில் ஒரு கை தோன்றும். கையில் ஒரு பிளாப்பி. அதன்மேல் ‘கிக்ஸ்டார்ட்’ என்ற எழுத்து. அந்த பிளாப்பியைச் செருகினால் முதல் செக்டரின் தொடக்கத்தைப் பார்க்கும். சாதாரண அமிகா டிஸ்க்கில் ‘டாஸ்’ என்று இருக்கும் இடத்தில், இதில் ‘கிக்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இருந்தால் அடுத்தடுத்த 512 செக்டர்களையும் வரிசையாக வாரி, மேல்பலகையின் ராமில் அடுக்கும். ஒரு தடத்துக்கு 11 செக்டர் என்பதால், 160 தடங்கள் உள்ள பிளாப்பியில் 47-ஐத் தொட்டால் வேலை முடிந்தது. உடனே அந்த ராமின் எழுதும் வாசலை மின்சுற்றே பூட்டிவிடும். அந்த நொடியிலிருந்து புராசசரின் கண்ணுக்கு அது ரோம்தான். எந்த நிரல் எவ்வளவு முட்டினாலும் அதில் கீறல் விழாது. பிறகு திரையில் இரண்டாவது கை, இந்தத் தடவை பயனர் வேலைசெய்யும் சூழலைத் தரும் ‘வொர்க்பெஞ்ச்’ பிளாப்பியோடு.

கண்ட்ரோல் விசையோடு இரண்டு அமிகா விசைகளையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால் கிக்ஸ்டார்ட் போகாது. நேரே இரண்டாவது கைக்கு வந்துவிடும். மின்சாரம் நின்றால்தான் போகும்.

அமிகா 1000-இன் மேல்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் அதை உருவாக்கியவர்களின் கையெழுத்துகள் இருக்கின்றன, வார்ப்பிலேயே பதிந்து. ஜே மைனரின் நாய் மிட்சியின் பாதத் தடமும் அவற்றோடு உண்டு. அந்த மூடியின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். தங்கள் பெயர்களைப் பிளாஸ்டிக்கில் நிரந்தரமாக வார்க்க அவர்களுக்குத் துணிச்சல் இருந்தது. தங்கள் நிரலைச் சிலிக்கானில் வார்க்க மனம் ஒப்பவில்லை. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். முடியாததை முடிந்தது என்று சொல்லாத நேர்மை அதில் இருக்கிறது.

அதே ஆண்டு போட்டிக்கு வந்த அடாரி 520 எஸ்டிக்கும் இதே சிக்கல். அதன் ‘டாஸ்’ (TOS) என்ற இயக்க அமைப்பும் முதலில் பிளாப்பியில்தான் வந்தது. ஆனால் அடாரி தனி ராம் கொடுக்கவில்லை. பயனரின் 512 கிலோபைட்டிலேயே சுமார் 200 கிலோபைட்டை அது விழுங்கிக்கொண்டது. 192 கிலோபைட் ரோம் ஆறு சிப்புகளாக வந்ததும் மக்கள் ஓடிப்போய் மாற்றிக்கொண்டதற்கு அதுவே காரணம். அங்கே மணல் ஒரு தண்டனை.

*

அமிகா 1000-இல் மணல் என்னவெல்லாம் செய்தது?

கிக்ஸ்டார்ட் 1.0 வெளிவந்த சூட்டோடு 1.1 வந்தது. 1986-இல் 1.2. 1988-இல் 1.3, ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே நேராகத் தொடங்கும் வசதியோடு. 1985-இல் வாங்கியவர் இத்தனை பதிப்புகளையும் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் ஓட்டினார். புது பிளாப்பி, புது இயந்திரம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது வரமாகவே இருந்தது. முடியாத பதிப்பொன்றை பிளாப்பியில் வாங்கி, செருகி, தங்கள் நிரல் அதில் நிற்கிறதா விழுகிறதா என்று பார்க்கலாம். விழுந்தால் அணைத்துவிட்டு, பழைய பிளாப்பியைப் போட்டு வேலையைத் தொடரலாம். கிக்ஸ்டார்ட்டையே மாற்றிப் பார்க்க நினைத்தவர்களுக்கும் வழி இருந்தது. பிளாப்பியில் செக்டர் செக்டராகக் கிடக்கும் அந்த 256 கிலோபைட்டில் ஓரிடத்தைத் திருத்தி எழுதினால் போதும்.

போதும் என்றா சொன்னேன்? ஒரு காவல்காரர் இருக்கிறார். கிக்ஸ்டார்ட் எழுந்ததும் முதலில் தன்னையே சரிபார்த்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் அத்தனை எண்களையும் நான்கு நான்கு பைட்டாகக் கூட்டிக்கொண்டே வரும். 32 பிட்டைத் தாண்டி மிஞ்சுவதையும் சேர்த்துக்கொள்ளும். கடைசியில் 32 பிட்டும் ‘1’ ஆக வர வேண்டும். ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, கணக்கைச் சரிக்கட்டும் எண்ணைத் திருத்த மறந்தால் கூட்டல் பிசகும். உடனே திரை முழுக்கச் சிவப்பு. வேறொன்றும் வராது.

கிக்ஸ்டார்ட்டின் நிறங்கள் சோதனைக்காரர்களுக்கு மனப்பாடம். எல்லாம் ஒழுங்காகப் போனால் திரை கரும்சாம்பலில் தொடங்கி, வெளிர்சாம்பலுக்கு வந்து, வெள்ளையாகும். சிவப்பு என்றால் கூட்டல் பிசகு. பச்சை என்றால் சிப்-ராமில் கோளாறு. நீலம் என்றால் ஒலி-ஒளிச் சிப்புகளில் ஏதோ சரியில்லை. மஞ்சள் என்றால் பிழையைக் கையாளும் பகுதி எழுந்து நிற்பதற்குள்ளேயே புராசசர் தடுக்கி விழுந்துவிட்டது. எழுத்தைக் காட்டும் நிரலே இன்னும் விழிக்காத நேரத்தில், கணினிக்கு வாயாக இருந்தது இந்த நிறங்கள் மட்டும்தான். மருத்துவர் நாக்கின் நிறம் பார்ப்பது போல இவர்கள் திரையின் நிறம் பார்த்தார்கள்.

1987-இல் அமிகா 500-ம் 2000-மும் வந்தன. கிக்ஸ்டார்ட் 1.2 தேறிவிட்டது என்று முடிவுசெய்து ரோமில் அச்சாக்கிவிட்டார்கள். கூடுதல் ராம் இல்லாததால் விலை இறங்கியது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயிற்று. வியாபாரத்துக்கு அது சரியான முடிவு, மறுக்க மாட்டேன். ஆனால் மணல் போய்விட்டது. 1.3 வேண்டும் என்றவர் பெட்டியைத் திறந்து சிப்பைப் பிடுங்க வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய பதிப்பான 2.0-ஐ எழுதத் தொடங்கியபோது கமடோர் மறுபடி அதே முட்டுச்சந்தில் நின்றது. தோற்றம் முதல் ஆழம் வரை மாற்றம். அளவு இருமடங்காகி 512 கிலோபைட். முடிவதாகத் தெரியவில்லை. அமிகா 3000-ஐயோ 1990-இல் விற்பனைக்கு விட வேண்டும்.

அவர்கள் செய்தது ஐந்தாண்டுக்கு முன் செய்ததையேதான், இன்னும் நேர்த்தியாக. முதல் 3000-களில் இருந்த ரோம் தன்னை 1.4 என்று சொல்லிக்கொண்டது. அந்த எண்ணில் எந்தப் பதிப்பும் கடையில் விற்கவில்லை. அது ஒரு சோதனைப் பதிப்பு. அதன் முக்கிய வேலை, நிஜமான கிக்ஸ்டார்ட்டை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ பிளாப்பியிலிருந்தோ எடுத்து ராமில் வைப்பது. இந்தத் தடவை தனிப் பலகை தேவைப்படவில்லை. 68030 புராசசருக்குள்ளேயே முகவரிகளை மாற்றிக்காட்டும் பகுதி இருந்தது. ராமில் எங்கோ கிடக்கும் 512 கிலோபைட்டை, ரோமின் வாசல் எண்ணில் இருப்பதாக அது புராசசருக்குக் காட்டியது. கணினியைப் போடும்போது மவுஸின் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும்: 1.3 வேண்டுமா, 2.0 வேண்டுமா? கார் ஓட்டுகிறவர் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி. 1991-இல் 2.04 என்ற எண்ணில் அது ஒருவழியாக ரோமில் அச்சானது.

ஆனால் ஒரு வருத்தம் இருக்கிறது. 512 கிலோபைட் கிக்ஸ்டார்ட்டுக்கு அமிகா 1000-இன் 256 கிலோபைட் பலகையில் இடமில்லை. எந்தப் புதுப் பதிப்பையும் திறந்த மனத்தோடு ஏற்கவென்றே பிறந்த இயந்திரம் 1.3-ஓடு வாசலில் நின்றுவிட்டது.

*

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அமிகா 500, 2000 வைத்திருந்தவர்கள். அவர்களிடம் மேல்பலகையும் இல்லை, முகவரி மாற்றும் புராசசரும் இல்லை. ஆனாலும் 2.0-ஐ ருசி பார்க்க ஆசை. ‘எஸ்கிக்’ போன்ற நிரல்கள் அவர்களுக்காக வந்தன. இவை செய்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தக் கதையிலேயே கடினமான வித்தை இதுதான்.

ரோமுக்காக எழுதிய நிரல் தன் வீட்டு முகவரியை நம்பியே வாழ்கிறது. ‘அந்த முகவரிக்குத் தாவு, இந்த முகவரியிலிருந்து எடு’ என்று உள்ளே ஆயிரக்கணக்கான இடங்களில் முழு முகவரி எழுதியிருக்கும். அதை அப்படியே தூக்கி ராமில் வேறிடத்தில் வைத்தால், ஒவ்வொரு தாவலும் பழைய வீட்டுக்கே போகும்; அங்கே 1.3 குடியிருக்கிறது. ஆகவே முகவரி எழுதியுள்ள ஒவ்வோரிடத்தையும் கண்டுபிடித்துப் புது முகவரியால் திருத்த வேண்டும். எந்த எண் முகவரி, எது வெறும் எண் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. அதனால் ஒவ்வொரு கிக்ஸ்டார்ட் பதிப்புக்கும் தனித்தனியே ஓர் அட்டவணை தயாரித்தார்கள்: இந்த இந்த இடங்களில் இருப்பது முகவரி, திருத்து, மற்றதைத் தொடாதே. அந்த அட்டவணையில் ஒரே ஓர் இடம் விட்டுப்போனாலும் என்றைக்கோ ஒரு நாள், யாரும் எதிர்பாராத மெனுவைத் தொடும்போது, கணினி விழும். இதை எழுதியவர்களின் பொறுமையை என்னால் அளவிட முடியவில்லை.

அடுத்த சிக்கல் ரீசெட். ரீசெட் ஆனதும் புராசசர் நேரே பழைய ரோமுக்குத்தான் போகும். ஆனால் எக்ஸெக்கில் சாசன்ராத் சில கொக்கிகளை வைத்திருந்தார். எழும்போது, ‘முன்பு ஓடிய அமைப்பு ராமில் கெடாமல் இருக்கிறதா, யாராவது தங்களை அழைக்கச் சொல்லிக் குறிப்பு வைத்திருக்கிறார்களா’ என்று ரோம் பார்த்துக்கொள்ளும். குறிப்பு இருந்தால் அங்கே தாவும். ரீசெட்டைத் தாண்டிப் பிழைக்க விரும்பிய எல்லோருக்கும் இந்த வாசல்தான். 1987-இல் பரவிய எஸ்சிஏ என்ற வைரஸும் இதே வகைக் கொக்கியில் தொங்கித்தான் ரீசெட்டைத் தாண்டியது. நல்லதுக்கு வைத்த வாசலில் திருடனும் நுழைந்தான். அதற்காக வாசலை அடைக்கவில்லை.

விலையும் உண்டு. 512 கிலோபைட் ராம் கிக்ஸ்டார்ட்டுக்கே போய்விடும். ஒரு மெகாபைட் வைத்திருந்தவருக்குப் பாதி மிச்சம். ஆனாலும் செய்தார்கள், காசு கொடுத்துச் சிப் வாங்கும் முன் தங்கள் நிரல்கள் அதில் ஓடுமா என்று தெரிந்துகொள்ள.

1991 கடைசியில் நிலைமை தலைகீழானது. 2.04 ரோமோடு அமிகா 500 பிளஸ் வந்தது. பிரிட்டனில் ‘கார்ட்டூன் கிளாசிக்ஸ்’ என்ற தொகுப்புப் பெட்டியில் அதை வாங்கிக்கொண்டு போன பிள்ளைகள், பழைய விளையாட்டுகள் பல அதில் ஓடவில்லை என்று கண்டார்கள். ரோமின் உட்புற முகவரிகளை நேரடியாக நம்பி எழுதிய விளையாட்டுகள் அவை. அதற்கும் மருந்து ஒரு பிளாப்பிதான். ‘ரீலோகிக்’ என்ற டிஸ்க் கிக்ஸ்டார்ட் 1.3-ஐ ராமில் ஏற்றி, புதிய கணினியைப் பழையதாக்கிக் கொடுத்தது. நாளையதைச் சோதிக்கக் கண்டுபிடித்த வித்தை நேற்றையதைக் காப்பாற்றவும் உதவியது.

*

கமடோர் 1994 ஏப்ரலில் திவாலானது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஹைபீரியன் நிறுவனம் பழைய அமிகாக்களுக்காக 3.1.4 என்ற பதிப்பை 2018-இல் வெளியிட்டது, 3.2 வந்தது 2021-இல். அதாவது முப்பது வயது தாண்டிய கணினிகளுக்குப் புது ஃபர்ம்வேர். எனவே சோதனைப் பதிப்புகளும், சோதிக்கும் ஆட்களும் திரும்ப வந்தார்கள்.

இன்றைக்குக் கையில் இருக்கும் வழிகள் பழைய வழிகளின் பேரப்பிள்ளைகள்தான். வேகமூட்டும் அட்டைகள் பலவற்றில் ‘மேப்ரோம்’ என்ற வசதி இருக்கிறது: கோப்பிலிருந்து கிக்ஸ்டார்ட்டை அட்டையின் ராமில் வைத்து, ரோம் இருக்கும் இடத்தில் அதைக் காட்டும். 1000-இன் மேல்பலகை செய்த அதே வேலை. அட்டை இல்லாதவர்கள் 27சி400 என்ற ஈப்ராமை நாடுகிறார்கள். 40 கால்கள், நடுவில் ஒரு குவார்ட்ஸ் சன்னல். அதன் வழியே உற்றுப்பார்த்தால் சிலிக்கான் துண்டு மினுங்கும். புறஊதா விளக்கின் கீழ் கால் மணி, இருபது நிமிடம் வைத்தால் உள்ளே இருந்த பதிப்பு அழியும். புதியதை எழுதி, சன்னல்மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, அதில் பேனாவால் பதிப்பு எண்ணைக் குறித்து, கால் மடங்காமல் சாக்கெட்டில் அழுத்துகிறார்கள். பிறகு சுவிட்ச். கண் திரையின் நிறத்தில். கரும்சாம்பல், வெளிர்சாம்பல், வெள்ளை என்று வரிசையாக வந்தால்தான் பிடித்த மூச்சை விடுவார்கள்.

அடாரிக்காரர்களுக்கு ‘எமுடாஸ்’ இருக்கிறது. யாரும் திருத்தக்கூடிய திறந்த நிரலாக எழுதிய மாற்று இயக்க அமைப்பு. ரோமில் எழுதும் வடிவங்கள் தவிர, சாதாரண நிரல் போல ராமில் ஏற்றிப் பார்க்கும் வடிவமும் அதற்கு உண்டு. 1985-இல் தண்டனையாக இருந்தது இன்று தேர்ந்தெடுத்துச் செய்யும் காரியம்.

அமிகா 1000 மட்டும் வேறொரு கவலையில் இருக்கிறது. அதன் கிக்ஸ்டார்ட் இருப்பது காந்தப் பூச்சில். பிளாப்பிகள் மூப்படைகின்றன, பூச்சு உதிர்கிறது, தடங்கள் படிக்க வரவில்லை. ரோம் வைத்த 500-கள் இன்றும் சுவிட்ச் போட்டதும் எழுந்துவிடுகின்றன. 1000-க்கு யாராவது ஒரு நல்ல கிக்ஸ்டார்ட் பிளாப்பியை நகலெடுத்து வைத்திருக்க வேண்டும், அல்லது யுஎஸ்பி குச்சியிலிருந்து பிளாப்பி போல நடிக்கும் கருவியை மாட்ட வேண்டும். அப்படி மாட்டியவர்கள் நிறைய. மாட்டாத பெட்டியைப் போட்டால், அந்தச் சின்ன ரோம் தனக்குத் தெரிந்ததை மட்டும் செய்கிறது. திரையில் ஒரு கை, கையில் ஒரு பிளாப்பி.

அடுத்த அத்தியாயம்: கேம்பிரிட்ஜ். ‘ஓஎஸ் 0.1’ என்ற எண்ணோடு பள்ளிக்கூடங்களுக்குப் போன பிபிசி மைக்ரோ.